பத்தாவைத் தாண்டி ஒரு மண் நகரம்

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகை முடிந்த பிறகு ரியாத் பத்தாவில் கால் வைக்க இடம் இருக்காது. லேபர் கேம்ப்களிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். ஊருக்குப் பணம் அனுப்பணும், முடி வெட்டணும், கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கணும், ஊர்க்காரனைப் பார்த்து ஒரு சாயா குடிக்கணும். இரவு பத்து மணிக்கெல்லாம் திரும்ப ரூமுக்கு. இருபது வருஷம் இங்கே இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவரிடம் ரியாத்தில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் “ரூம், சைட், பத்தா” என்பார். பொய் இல்லை.

குடும்பத்தோடு இருக்கிற நம்மைப் போன்றவர்கள் கதை வேறு மாதிரி. மால், பள்ளிக்கூட விழா, வருஷத்துக்கு ஒரு முறை துபாய். கொஞ்சம் கையில் காசு சேர்ந்தால் இப்போது ஷெங்கன் விசா. இத்தாலியில் ஒரு குன்றின் மேல் இருக்கிற பழைய ஊருக்குப் போய், இரண்டு நாள் சும்மா நடந்து, காப்பி குடித்து, போட்டோ போடுவது நம் வாட்ஸ்அப் குழுக்களில் புதிய மோகம். நிதானப் பயணம், சூழலைக் கெடுக்காத பயணம் என்று அதற்குப் பெயரும் உண்டு.

போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்த எண்ணம் பிறந்த இடமே இத்தாலிதான். 1986இல் ரோம் நகரின் ஸ்பானிய சதுக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் கடை வந்தபோது எழுந்த எதிர்ப்பிலிருந்து ‘ஸ்லோ ஃபுட்’ இயக்கம் வளர்ந்தது. அதன் தொடர்ச்சியாக 1999இல் ஓர்வியெத்தோ என்ற குன்றூரில் நான்கு ஊர்களின் மேயர்கள் கூடி ‘சிட்டாஸ்லோ’, அதாவது நிதான நகரம் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஐம்பதாயிரம் பேருக்குக் குறைவாக வசிக்கும் ஊர்கள்தான் அதில் சேர முடியும். ஓர்வியெத்தோவுக்கு ரயிலில் போய் இறங்கினால், இழுவை ரயில் ஒன்று உங்களைக் குன்றின் மேலே கொண்டுபோய் விடும். கார் வேண்டாம். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் ஐந்தாறு மணி நேரம் விமானத்தில் பறந்து போய் அங்கே இரண்டு நாள் மெதுவாக நடப்பதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது. அதே சாயலில், குன்றின் மேல், பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு, மண்ணாலேயே கட்டிய ஒரு பழைய ஊர் பத்தாவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது. திரிய்யா. அதன் மையமான அத்துரைஃப் பகுதி 2010 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம்.

பத்தாவுக்கும் திரிய்யாவுக்கும் ஒரு தண்ணீர் உறவும் உண்டு. பத்தா என்ற அரபிச் சொல்லுக்கு மணலும் கூழாங்கல்லும் கிடக்கும் ஓடைப் படுகை என்று பொருள். நாம் பேரம் பேசிக்கொண்டு நிற்கிற அந்த ரோடு முன்பு நிஜமாகவே ஓர் ஓடை. நகரம் வளர்ந்தபோது அதன் மேல் ரோடு போட்டார்கள். அந்த ஓடை போய்ச் சேர்கிற பெரிய பள்ளத்தாக்குக்குப் பெயர் வாதி ஹனீஃபா. அதன் கரையில், மேல்பக்கம் இருப்பதுதான் திரிய்யா.

போன ஜனவரியில் நாங்கள் மூன்று பேர் போனோம். நான், பத்தாம் வகுப்பு படிக்கிற என் மகள், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து 26 வருஷம் இங்கே ஷட்டரிங் கார்பெண்டராக இருந்த ஊர்க்கார அண்ணன். அண்ணனுக்கு எக்ஸிட் அடித்தாயிற்று. இரண்டு மாதத்தில் ஒரேயடியாகக் கிளம்புகிறார். ரியாத் கோபுரங்களில் பாதிக்கு அடியில் நின்று பலகை அடித்திருக்கிறேன் என்பார். மேலே ஏறிப் பார்த்ததில்லை.

பத்தாவிலேயே மெட்ரோ ஏறலாம். 2024 டிசம்பரில் ஓடத் தொடங்கிய ரியாத் மெட்ரோவின் நீலத் தடம் பத்தா வழியாகத்தான் போகிறது. நாலு ரியால் டிக்கெட்டில் இரண்டு மணி நேரம் சுற்றலாம். எஸ்.டி.சி. நிலையத்தில் இறங்கி சிவப்புத் தடத்துக்கு மாறினால் கடைசி நிலையம் மன்னர் சவூத் பல்கலைக்கழகம். அங்கிருந்து டாக்சியில் கொஞ்ச தூரம்தான். “டிரைவர் இல்லாம ஓடுதா தம்பி?” என்று அண்ணன் முதல் பெட்டியின் கண்ணாடியிலேயே மூக்கை வைத்துக்கொண்டு வந்தார். எனக்கென்னவோ பாதிப் பயணம் அங்கேயே முடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

திரிய்யாவின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பதினைந்தாம் நூற்றாண்டில் பேரீச்சந்தோட்டங்களை நம்பி உருவான ஊர். முதல் சவூதி அரசின் தலைநகரம். 1818இல் எகிப்திலிருந்து இப்ராஹீம் பாஷாவின் படை வந்து ஆறு மாதம்போல முற்றுகையிட்டு ஊரை இடித்துப் போட்டது. கடைசி ஆட்சியாளர் அப்துல்லா பின் சவூதை இஸ்தான்புல்லுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். சில ஆண்டுகள் கழித்து அரசு மீண்டும் எழுந்தபோது தலைநகரம் ரியாத்துக்கு மாறிவிட்டது. இடிந்த ஊர் இடிந்தபடியே கிடந்தது. பிறகு சீரமைத்து 2022 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

நாங்கள் முதலில் குன்றுக்குப் போகவில்லை, வாதிக்குத்தான் போனோம். அங்கே உட்கார்ந்து எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம். இந்த வாதி ஒரு காலத்தில் ரியாத்தின் குப்பைத் தொட்டி. கட்டட இடிபாடு, கழிவுநீர், கல் வெட்டிய குழிகள், எல்லாம் இங்கேதான். அதைத் துப்புரவு செய்து, கல் தடுப்புகள் வழியாகத் தண்ணீரைத் துள்ளவிட்டுக் காற்றேற்றி, பாசியும் மீனும் நுண்ணுயிரும் கழிவைத் தின்று தீர்க்கும்படி ஏற்பாடு செய்தார்கள். ரசாயன ஆலை வைக்காமல் ஓடையையே சுத்திகரிப்பு நிலையமாக்கிய வேலை அது. 2010இல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது இதற்குக் கிடைத்தது. விருது வாங்கிய அந்தக் கரையில் வார இறுதி பிக்னிக் முடித்து நம் ஆட்கள் விட்டுவிட்டுப் போகும் பேப்பர் பிளேட்டுகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. எவர்சில்வர் டப்பாவில் கட்டிக்கொண்டு போனால் குப்பையே இல்லை, அவ்வளவுதான்.

நாலு மணிக்கு மேல் பாலத்தைத் தாண்டி அத்துரைஃபுக்குள் நுழைந்தோம். உள்ளே கார் கிடையாது. சுண்ணாம்புக்கல் மேட்டின் மேல் மண் சுவர்கள், சந்துகள், முக்கோணத் துளைகள் வைத்த மதில்கள். ஆட்சியாளர்கள் இருந்த சல்வா அரண்மனை இருப்பதிலேயே பெரியது. அதில் பாதிச் சுவர்களை உடைந்தபடியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் புதுசாகக் கட்டிப் பூசியிருந்தால் சினிமா செட் மாதிரி ஆகியிருக்கும்.

என் மகள் போன் எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள். அண்ணன் ஒரு சுவரைத் தாண்டவே இல்லை. கல் அடித்தளத்தின் மேல் சுடாத செங்கல், அதன் மேல் மண் பூச்சு. குனிந்து பார்த்தார்.

“வைக்கோல் போட்ருக்கான் பாருங்க தம்பி. மண்ணை ஊறப்போட்டு, நல்லா மிதிச்சிருப்பான். இல்லேன்னா இப்படி வெடிக்காம நிக்காது.”

“உங்களுக்கு எப்படிப் பெரியப்பா தெரியும்?” என்று திரும்பி வந்தாள் மகள்.

“எங்க வீடே இதுதானம்மா. எங்கப்பா மிதிச்சாரு, நாங்க தண்ணி ஊத்துனோம்.”

அப்புறம் அரை மணி நேரம் வழிகாட்டி அவர்தான். மேலே பேரீச்ச மரமும் ஒருவகைச் சவுக்கு போன்ற மரமும் விட்டமாகக் கிடப்பதைக் காட்டி, எங்கள் ஊரில் இந்த இடத்தில் பனங்கை வரும் என்றார். இவ்வளவு தடித்த சுவர் எதற்கு என்று அவள் கேட்டதற்கு, பகல் வெயில் சுவரைக் கடந்து உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்றார். அந்த முக்கோணத் துளைகள் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும். பெரிய சன்னல் வைத்தால் புழுதியும் அனலும் வரும். பாடப்புத்தகத்தில் ரோமாபுரியின் வளைவுகளைப் பற்றிப் படித்திருக்கிற என் மகளுக்கு, தான் பிறந்த ஊரின் சுவர் எதனால் ஆனது என்பதைச் சொல்லித்தர ஒரு ஷட்டரிங் கார்பெண்டர் வேண்டியிருந்தது. பள்ளிக்கூடப் படிவங்களில் சொந்த ஊர் என்ற இடத்தில் புதுக்கோட்டை என்று எழுதுகிற பிள்ளை அவள். மொத்தமாகக் கணக்குப் பார்த்தால் அங்கே ஒரு வருஷம்கூட இருந்திருக்க மாட்டாள்.

அண்ணனின் சொந்த வீட்டுக் கதையையும் அங்கேதான் சொன்னார். 2009இல் இங்கிருந்து அனுப்பிய காசில் முன்பக்கம் கான்கிரீட் வீடு எழும்பியது. அப்பா கட்டிய மண் வீடு பின்னால் அப்படியே நிற்கிறது. சித்திரை, வைகாசியில் புது வீட்டு மொட்டைமாடி இறக்கும் சூடு தாங்காமல் அம்மா பழைய வீட்டுத் திண்ணையில்தான் படுக்கிறாராம். இப்போது கார் ஷெட் போட வேண்டும் என்று தம்பி அதை இடிக்க ஜேசிபிக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

புதுக்கோட்டை, ராமநாதபுரம், தஞ்சை, யாழ்ப்பாணம், எந்தப் பக்கம் போனாலும் நம் வெளிநாட்டுப் பணம் முதலில் கை வைத்தது பழைய வீட்டின் மேல்தான். அதில் நியாயம் உண்டு. மண் வீடு என்றால் வறுமை என்றுதான் நமக்குத் தெரியும். மழைக்கு ஒழுகிய கூரையின் கீழ் படுத்தவனிடம் பாரம்பரியம் பேசக் கூடாது. ரியாத்திலும் இதேதான் நடந்தது. எண்ணெய்க் காசு வந்த வேகத்தில் பழைய நகரின் மதிலையும் மண் வீடுகளையும் தள்ளிவிட்டு சிமென்ட் கட்டினார்கள். எஞ்சியதில் மஸ்மக் கோட்டை ஒன்று. 1902இல் மன்னர் அப்துல் அஸீஸ் கைப்பற்றியது. பத்தாவிலிருந்து நடந்தே போகலாம். இன்று மிச்சமிருக்கும் மண்ணைக் காப்பாற்றப் பெருந்தொகை செலவழிக்கிறார்கள். இடித்துவிட்டு மறுபடி தேடுவதில் எவ்வளவு செலவு என்பதை நாம் இங்கே இலவசமாகப் பார்க்கலாம்.

இலவசம் என்றதும் ஒன்று. அத்துரைஃபுக்கு நுழைவுச்சீட்டு உண்டு, முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. எதிர்க்கரையில் இருக்கும் புஜைரி வரிசை உணவகங்களில் நாலு பேர் சாப்பிட்டால் கேம்ப்பில் ஒருவர் மாதம் சாப்பிடுகிற காசு போய்விடும். சுற்றிலும் ஓட்டல்களும் குடியிருப்புகளும் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். மண் ஊரைப் பார்க்கப் போகிற வழியெல்லாம் கிரேன். நிலைத்த சுற்றுலா என்று அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. இன்னொன்று, நிதானப் பயணத்துக்கு முதலில் வேண்டியது நேரம். 2013இல் இங்கே வார விடுமுறையை வெள்ளி, சனி என்று மாற்றினார்கள். ஆனால் பத்தாக் கடைகளிலும் சைட்டுகளிலும் நிற்கிற நம் ஆட்கள் பலருக்கு வெள்ளி ஒன்றுதான் கிடைக்கிறது. அதிலும் துணி துவைக்க வேண்டும். அண்ணனுக்கு 26 வருஷத்தில் இப்படி ஒரு சாயங்காலம் வாய்க்காததற்கு ஆர்வமின்மை காரணம் இல்லை. கார் வைத்திருக்கிற குடும்பங்கள் போகும்போது கேம்ப்பிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். அவருக்கு நாம் செய்கிற உபகாரமாக நினைக்க வேண்டாம். எங்களுக்கு லாபம்தான்.

போகிறவர்கள் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். கோடையில் மதியம் 12 முதல் 3 வரை வெளியில் வேலை வாங்கவே தடை இருக்கிற ஊர் இது. ஒரே நாளில் நாலு இடம் என்று திட்டம் போடாதீர்கள். அந்தி வெளிச்சத்தில் சுவர் நிறம் மாறுவதைப் பார்க்கவே ஒரு மணி நேரம் வேண்டும்.

அன்று இரவு பத்தாவுக்குத் திரும்பி, சாயாக்கடை வாசலில் நின்றபடியே அண்ணன் தம்பிக்குப் போன் போட்டார். ஜேசிபியை நிறுத்தச் சொன்னார். எதிர்முனையில் தம்பி கேட்டது எங்களுக்கும் கேட்டது: “சரிண்ணே, நிறுத்துறேன். வருஷா வருஷம் மழைக்கு முன்னால யாரு மண்ணு பூசுறது? மிதிக்கத் தெரிஞ்ச ஆளு எங்க இருக்கான்?”

சரியான கேள்வி. மண் சுவர் கவனிப்பு கேட்கும். அத்துரைஃபில் அதற்குச் சம்பள ஆட்கள் இருக்கிறார்கள், அரசாங்கம் இருக்கிறது. ரியாத்திலிருந்து வடமேற்கே 200 கிலோமீட்டர்போல இருக்கும் உஷைகரில், மண் ஊரைச் சீராக்க முன்வந்தவர்கள் அந்த ஊர்க்காரர்களே; அவரவர் பாட்டன் வீட்டை அவரவர் எடுத்துக் கட்டினார்கள். எங்கள் ஊரில் சங்கம் இருக்கிறது, கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் வசூல் செய்யத் தெரிகிறது. மண் மிதிக்கத் தெரிந்தவர்களில் ஒருவர் மார்ச் மாதம் விமானம் ஏறுகிறார். ஏற்றிவிடப் போகும்போது என் மகள் அவரிடம் ஒன்று கேட்டு வைத்திருக்கிறாள்: ஆனி மாத லீவில் அவள் வரும்வரை பூச்சு வேலையை ஆரம்பிக்கக் கூடாது.