வீடு துடைக்கும் ரோபோ: அழுக்கு எங்கே போகிறது?

முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மாவால் குந்தி உட்கார்ந்து தரை துடைக்க முடியாது. நின்றபடி மாப் போட்டாலும் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அதனால் தரை துடைக்கும் ரோபோ ஒன்று வாங்கினேன். ஒரு வாரம் பார்த்துவிட்டு அம்மா சொன்னது: "தரை பளபளன்னுதான் இருக்கு. ஆனா துடைச்ச தண்ணி எங்கடா? அதப் பாத்தாத்தானே வீடு சுத்தமாச்சான்னு தெரியும்?"

இந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு போனதில் கிடைத்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

பெருக்குவது வேறு, துடைப்பது வேறு

ஐரோபோட் நிறுவனத்தின் ரூம்பா 2002-ல் வந்தது. அதன் ஆரம்ப மாடல்களுக்கு வீட்டின் வரைபடமே கிடையாது. கொஞ்சம் சுழன்று போகும், சுவரை ஒட்டிப் போகும், எதிலாவது இடித்தால் ஏதோ ஒரு கோணத்தில் திரும்பும். தூசி உறிஞ்ச அது போதும். ஒரே இடத்தை நாலு தடவை உறிஞ்சினால் நஷ்டம் பேட்டரிக்குத்தான், தரைக்கு இல்லை.

ஈரத்துணிக்கு இந்தச் சலுகை கிடையாது. துடைத்த இடத்தில் அழுக்குத் துணியோடு மறுபடி போனால் கோடு விழும். சக்கரம் ஈரத்தில் ஏறினால் தடம் விழும். ஆகவே துடைக்கும் ரோபோவுக்கு ஒழுங்கான பாதை வேண்டும். நேராகப் போய், திரும்பி, பக்கத்துப் பட்டையில் வர வேண்டும். இதற்கு ரோபோ ஆராய்ச்சியில் 'புஸ்ட்ரோஃபெடன்' என்று பெயர். கிரேக்க மொழியில் 'மாடு திரும்புவது போல' என்று பொருள். அதாவது ஏர் உழுகிற பாதை! ஹோவி சோசெட், பிலிப் பின்யோன் இருவரும் 1997-ல் இதை முறைப்படுத்தினார்கள். சோபா, கட்டில் போன்ற தடைகளை வைத்து அறையைச் சின்னச் சின்ன வயல்களாகப் பிரித்துக்கொள், ஒவ்வொன்றையும் உழுது முடி, அடுத்ததற்குப் போ. யோசனை அவ்வளவுதான்.

சக்கரம் பொய் சொல்லும்

நேராக உழ வேண்டுமானால் தான் எங்கே இருக்கிறோம் என்று ரோபோவுக்குத் தெரிய வேண்டும். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணினால் போன தூரம் கிடைக்கும். ஆனால் ஈரத்தரையில் சக்கரம் வழுக்கும். எண்ணிக்கை ஏறும், வண்டி நகராது. அதனால்தான் லேசர் சுழற்றித் தூரம் அளக்கும் லிடாரும், திரும்பிய கோணத்தைச் சொல்லும் ஜைரோவும் தேவைப்படுகின்றன. 2010-ல் வந்த மின்ட் என்ற துடைக்கும் ரோபோ வேறு வழி பிடித்தது. தனியாக ஒரு சின்னப் பெட்டி விட்டத்தில் அகச்சிவப்புப் புள்ளிகளைப் பாய்ச்சும். பழங்காலக் கப்பல் நட்சத்திரம் பார்த்து வழி கண்டுபிடித்த மாதிரி, மின்ட் அந்தப் புள்ளிகளைப் பார்த்துத் தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும்.

இன்னொரு தந்திரம் எளிமையானது. பெரும்பாலான மாடல்களில் துணி பின்பக்கம் இருக்கும். சக்கரம் காய்ந்த தரையில் முன்னால் போக, துணி பின்னால் துடைத்துக்கொண்டே வரும். அம்மா குந்தியபடி பின்னோக்கி நகர்ந்து துடைப்பாரே, அதே தர்க்கம்தான். துடைத்ததை மிதிக்கக் கூடாது.

ஒரு சின்னக் கணக்கு

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம். துணியின் அளவு 30 செ.மீ. × 15 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 0.045 சதுர மீட்டர். 10 × 12 அடி அறை சுமார் 11 சதுர மீட்டர். ஆக, அந்தத் துணி தன்னைப் போல 250 மடங்கு பரப்பைத் துடைக்கிறது. வீட்டில் 600 சதுர அடி துடைக்க வேண்டும் என்றால் 1,200 மடங்கு! நடுவில் ஒரு தடவைகூட அலசாமல். முதல் அறையில் எடுத்த அழுக்கைக் கடைசி அறையில் மெல்லிசாகத் தடவிவிட்டு வருகிறது. தரை பளபளக்கக் காரணம் ஈரம், சுத்தம் அல்ல.

கையால் துடைப்பவர் அறைக்கு இரண்டு தடவையாவது வாளியில் அலசிப் பிழிவார். தண்ணீர் கறுத்தால் மாற்றுவார். அந்த வேலைதான் இங்கே விடுபட்டுப்போகிறது.

அப்படியானால் தண்ணீரை அதிகமாக விடலாமா? ஒரு சதுர மீட்டருக்கு 10 மி.லி. விட்டால் தரையில் படலத்தின் தடிமன் 0.01 மி.மீ.தான். ஃபேன் ஓடினால் சீக்கிரம் காயும். அதையே 100 மி.லி. ஆக்கினால் 0.1 மி.மீ. அழுக்கு நன்றாக ஊறும். ஆனால் அந்த ஈரம் காய்வதற்குள் டைல்ஸில் நடக்கப்போவது முட்டி ஆபரேஷன் ஆனவர். இங்கே தண்ணீரின் அளவு என்பது சுத்தத்துக்கும் விழாமல் இருப்பதற்கும் நடுவில் வைக்கிற முடிவு.

2005-ல் வந்த ஸ்கூபா இதற்கு நேரடியான விடை வைத்திருந்தது. நல்ல தண்ணீருக்கு ஒரு அறை, அழுக்குத் தண்ணீருக்கு ஒரு அறை. தேய்த்த தண்ணீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். இப்போதைய உயர்ரக மாடல்கள் வேறு வழியில் போகின்றன. ரோபோ சில சதுர மீட்டருக்கு ஒருமுறை சார்ஜ் ஆகும் நிலையத்துக்குத் திரும்புகிறது. அங்கே துணி அலசப்படுகிறது, கழிவு தனித் தொட்டியில் சேர்கிறது. சிலவற்றில் அலசிய தண்ணீர் எவ்வளவு கலங்கலாக இருக்கிறது என்று ஒரு சென்சார் பார்த்து, இன்னும் அழுக்காக இருந்தால் மறுபடி துடைக்கச் சொல்கிறது.

ஆக, இத்தனை வருடம் கழித்துப் பொறியாளர்கள் வந்து சேர்ந்த அளவுகோல் அம்மா சொன்னதுதான்: துடைத்த தண்ணீரைப் பார்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கறுப்பு கிரானைட் தரையா? பள்ளம் உணரும் அகச்சிவப்பு சென்சார், ஒளி திரும்பி வராததால் அதைப் படிக்கட்டு என்று நினைத்து நின்றுவிடலாம். குளியலறைத் தரை கொஞ்சமே தாழ்வா? அதைப் பள்ளம் என்று உணராமல் இறங்கி, ஏற முடியாமல் மாட்டிக்கொள்ளலாம். பெரிய கண்ணாடி இருந்தால் லிடார் அதற்குள் இன்னொரு அறை இருப்பதாக எண்ணலாம்.

என்னிடம் இருப்பது அலசும் நிலையம் இல்லாத சாதா மாடல். அதனால் இப்போது ஒரு ஏற்பாடு. மூன்று துணி வாங்கியிருக்கிறேன், அறைக்கு ஒன்று. ரோபோ ஓடும் நேரம், அம்மா மதியம் படுத்திருக்கும் நேரம். முடிந்ததும் மூன்றையும் வாளியில் நான் அலசுகிறேன். அம்மா வந்து வாளியை எட்டிப் பார்ப்பார். தண்ணீர் கறுப்பாக இருந்தால் திருப்தி.