யந்திர மனிதனும் அவனை ஏவுபவரும்

'ரோபோ' என்ற சொல்லை 'யந்திர மனிதன்' என்று தமிழாக்கி வந்திருக்கிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அதில் முழு நிறைவில்லை. செக் நாட்டு நாடகாசிரியர் காரெல் சாபெக் 1920இல் எழுதிய நாடகமொன்றின் வாயிலாக இச்சொல் உலகிற்கு அறிமுகமாயிற்று. அதன் வேர்ச்சொல்லுக்குக் கட்டாய உழைப்பு என்பது பொருள். சோழர் காலக் கல்வெட்டுக்கள் 'வெட்டி' என்று குறிக்கும் கூலியில்லா வேலையும் ஏறக்குறைய அதுவே. ஆகவே மூலச்சொல்லில் ஏவலாளுடன் ஏவுபவனும் சேர்ந்தே தோன்றுகிறான். நமது தமிழாக்கத்திலோ அந்த எஜமானன் மறைந்து போகிறான்.

மறைந்து நிற்கும் அவனைச் சிற்பத்தின் மூலம் சுட்டிக்காட்டியவர்களுள் நம்ஜூன் பைக் என்ற கொரியக் கலைஞர் முக்கியமானவர். 1932இல் சியோலில் பிறந்த அவர், கொரியப் போரின்போது குடும்பத்தாருடன் நாட்டைவிட்டு வெளியேறினார். ஜப்பானிலும் ஜெர்மனியிலும் வாழ்ந்து, 1964இல் நியூயார்க் சேர்ந்தார். வேற்று மொழியினரிடையே வாழ்க்கை நடத்தும் நமக்கு இவ்வரலாறு புதிதாகத் தோன்றாது.

அவ்வாண்டிலேயே, ஜப்பானியப் பொறியாளர் ஷூயா ஆபேயின் துணையுடன், 'கே-456' என்னும் யந்திர மனிதனை அவர் அமைத்தார். மோட்சார்ட்டின் இசைப்படைப்பு ஒன்றின் வரிசை எண்ணே அதன் பெயர். இரு வல்லரசுகள் ராக்கெட்டுகளைக் காட்டிப் பெருமை பேசிய காலம் அது. பைக்கின் படைப்பிலோ பெருமைக்குரியதாக ஒன்றுமில்லை. வெறும் உலோகச் சட்டங்களும் கம்பிகளும் சக்கரங்களுமே. தொலைவிலிருந்து ரேடியோ அலைகளால் இயக்கினால் தள்ளாடி நடக்கும். பயற்று மணிகளை மலமாகக் கழிக்கும்! அதன் வாயிலிருந்து ஜனாதிபதி கென்னடியின் பதவியேற்பு உரை ஒலிக்கும். நடை ஒருவர் கையில், குரல் இன்னொருவருடையது. சிரிப்பு அடங்கிய பின்னரே இது நெஞ்சில் தைக்கிறது.

1982இல் நியூயார்க்கின் விட்னி கலைக்கூடத்தில் பைக்கின் படைப்புக்கள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. ஒருநாள் கே-456 அங்கிருந்து வெளியே கொண்டுவரப்பட்டு, தெருவைக் கடக்கும்போது ஒரு மோட்டார் வண்டி மோதிக் கீழே வீழ்ந்தது. எல்லாம் முன்னேற்பாடே, வண்டியை ஓட்டியவரும் ஓர் ஓவியரே. 'இருபத்தோராம் நூற்றாண்டின் முதல் விபத்து' என்று அதற்குப் பெயரிட்டார் பைக். யந்திரம் தவறாது என்ற நம்பிக்கையை இவ்வளவு எளிய முறையில் உடைத்தவர் வேறொருவரை நாம் அறியோம்.

கண்காணிப்பு பற்றிய அவரது படைப்பு இன்னும் அமைதியானது. 1974இல் அமைத்த 'டெலிவிஷன் புத்தர்' என்பதில், புத்தர் சிலை ஒன்று டெலிவிஷன் பெட்டியின் எதிரே அமர்ந்திருக்கிறது. காமிரா அச்சிலையைப் படம் பிடித்து அதே திரையில் காட்ட, புத்தர் தம்மையே ஓயாது நோக்குகிறார். சிலையின் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவரும் அத்திரையில் அகப்பட்டுக்கொள்கிறார்.

டெலிவிஷனே மக்களை வேவு பார்க்கும் என்று 1949இல் வெளிவந்த '1984' நாவலில் எச்சரித்தவர் ஜார்ஜ் ஆர்வெல். (இவர் பிறந்த ஊர் நம் பீகாரிலுள்ள மோதிஹாரி.) 1984 ஜனவரி முதல் நாளன்று நியூயார்க்கையும் பாரிஸையும் துணைக்கோள் வழியே இணைத்து, 'காலை வணக்கம், திருவாளர் ஆர்வெல்' என்ற கலைநிகழ்ச்சியை ஒளிபரப்பி அதற்கு விடையளித்தார் பைக். டெலிவிஷன் மக்களை இணைக்கவும் வல்லது என்பது அவர் வாதம். அதை முழுமையாக ஏற்க நாம் தயங்குகிறோம். ஊரிலுள்ள தாயாரின் முகத்தை நமக்குக் காட்டும் அதே கைபேசி, நாம் இருக்குமிடத்தை யார் யாருக்கோ அறிவித்துக்கொண்டும் இருக்கிறதே!

பைக்கும் பின்னாளில் அதிகாரத்தை மறந்துவிடவில்லை. 1993இல் வெனிஸ் நகரக் கண்காட்சியில் அவர் வைத்த செங்கிஸ்கானுக்குக் குதிரை கிடையாது, சைக்கிள்தான். தலைக்கு முக்குளிப்போரின் கவசம், உடலுக்குப் பழைய பெட்ரோல் பம்பு. பின்புறம் டெலிவிஷன் பெட்டிகள் மூட்டையாக ஏற்றப்பட்டிருக்கின்றன. குதிரைப் படையால் நாடுகளை வென்றவன், இப்போது செய்திகளைச் சுமந்துகொண்டு, ஏறக்குறைய நம் தெருத் தபால்காரரைப் போல வருகிறான். அவனைக் கண்டு சிரிப்பதா, அஞ்சுவதா என்பது எளிதில் விளங்குவதில்லை.