சிறு சொல்லின் பெருவலி

ஆங்கிலம் கற்கும் நம் மாணவரை மலைக்கவைப்பன நெடுஞ்சொற்கள் அல்ல, குறுஞ்சொற்களே என்பது என் கருத்து. ‘கிவ்’ என்றால் கொடுத்தல்; ‘அப்’ என்றால் மேலே. இவ்விரண்டையும் நன்கறிந்த மாணவன், ‘கிவ் அப்’ என்பது கைவிடுதலைக் குறிக்கும் என எங்ஙனம் உய்த்துணர்வான்? ‘கிவ் இன்’ என்றாலோ பணிந்துபோதல். ஒட்டு மாறப் பொருளும் மாறிவிடுகிறது.

இவ்விடர் புதியதன்று. 1755ஆம் ஆண்டில் தமது அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், இத்தகைய தொடர்கள் பிறமொழியாளருக்குப் பெரிதும் இடர் விளைப்பன என முன்னுரையிலேயே குறித்தார். திடீரென நிறுத்துதலைச் சுட்டும் ‘பிறேக் ஓவ்’ அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று.

ஆயினும் நாம் அஞ்சவேண்டியதில்லை. நம் தமிழை நோக்குங்கள். ‘கண்டுபிடித்தல்’ என்பதிற் பிடிப்பது எதனை? ‘விட்டுக்கொடுத்தல்’ என்பதில் எதனை விட்டு எதனைக் கொடுக்கிறோம்? பிறமொழியாளர் இங்குத் திகைப்பர். நாமோ சிந்தியாமலே வழங்குகிறோம். அவற்றைப் பிரித்துப் பயிலாது, வாக்கியத்தோடு செவிவழிப் பெற்றமையே காரணம்.

ஆதலின் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது: இத்தொடர்களைப் பட்டியலாக்கி மனனஞ் செய்விக்காதீர்கள். நாளுக்கு மூன்று போதும். ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் வைத்துப் பேசச் செய்யுங்கள். பட்டியலை மறந்த மாணவன், தன்னை மந்தனென எண்ணிக் கற்றலையே கைவிடும் நிலை வாராதிருக்கட்டும்.