நடைப் பயணமும் நம் பாதங்களும்

ஆடி முடியுமுன்னரே பழங்காநத்தத்துக் கத்தோலிக்க இல்லங்களில் காவித் துணி எடுப்பது பற்றிய பேச்சு எழுந்துவிடும். ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் கொடி ஏறும். செப்டம்பர் 8 அன்னையின் பிறந்த நாள் பெருவிழா. அதற்குள் சென்று சேர வேண்டுமென்று மதுரையிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழியைக் கால்நடையாகவே கடப்போர் ஆண்டுதோறும் நம்மிடையே உள்ளனர். துணி, கொடி, வழியில் சமையல், சப்பரம் இழுப்போர் முறை ஆகிய யாவும் கூடிப் பேசி முடிவு செய்யப்படுகின்றன. காலில் எதை அணிவது என்பதைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை.

ஆனால் வழி முழுவதையும் சுமக்கப்போவது அந்தக் கால்களே! அத்தனை தூரத்துக்கு ஒருவர் எடுத்துவைக்கும் அடிகள் 3 லட்சத்துக்குக் குறையா. ஒவ்வொரு அடியிலும் உடலின் முழுப் பாரமும் ஏதேனும் ஒரு பாதத்தின்மீது இறங்குகிறது.

இதனை எழுத நம்மைத் தூண்டியது சில ஆண்டுகளுக்கு முன் நடந்த நிகழ்ச்சி. நமது பங்கைச் சேர்ந்த முதிய தாய் ஒருவர், பேரன் நோய் நீங்கியதற்கு நன்றியாக வெறுங்காலோடு நடந்து வருவதாக அன்னைக்குப் பொருத்தனை செய்திருந்தார். ஆசீர் பெற வந்தபோது தலையில் கை வைத்துச் செபித்தோம். நெற்றியில் சிலுவை அடையாளமும் வரைந்தோம். நீண்ட காலமாக அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது நமக்குத் தெரியும். ஆயினும் பாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் இரவு, தங்குமிடத்தின் சிமெண்டுத் தரையில் இரத்தக் கறையைக் கண்டு உடன் வந்தோர் விளக்கடித்துப் பார்த்தபோது, உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு ஆழப் பதிந்திருந்தது. "வலிக்கவே இல்லையே, சாமி" என்று பின்னர் நம்மிடம் சொன்னார். இரு விரல்களை எடுக்க நேரிட்டது. அந்த 'வலிக்கவே இல்லையே' என்னும் சொல் இன்றும் நம்மை உறுத்துகிறது.

வெறுங்கால் நடையை நாம் குறைத்துப் பேசவில்லை. எரியும் முட்செடியின் அருகே மோசே மிதியடியைக் கழற்றினார். எனினும் ஆண்டவர் சீடரை ஊர் ஊராக அனுப்பும்போது மிதியடி அணிந்துகொள்ளலாம் என்றே மாற்கு 6-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். மத்தேயு அதையும் விலக்குகிறார். இவ்வேறுபாட்டைப் பற்றி அறிஞர் எழுதியவை பல, இங்கு வேண்டாம். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் தே நொபிலி, துறவியின் காவியுடையோடு மரத்தாலான பாதக்குறடும் அணிந்தே இந்நகர வீதிகளில் நடந்தார். செருப்பணிந்தால் தவம் குன்றிவிடும் என்று எண்ணுவோர் அவரை நினைவுகூர்வது நலம்.

இனி எதை அணிவது? கடைவீதியில் பார்ப்பதற்கு அழகாகத் தோன்றுவதை, பயணத்துக்கு முதல் நாள் வாங்கி அணிந்து புறப்படுவதைப் போன்ற தவறு வேறில்லை. குறைந்தது மூன்று வாரத்துக்கு முன்னர் வாங்கி, நாள்தோறும் திருப்பரங்குன்றம் சாலையில் சிறிது தூரமேனும் நடந்து பழக வேண்டும். வாங்கச் செல்வது மாலை வேளையில் இருக்கட்டும். பகல் முழுவதும் நின்று நடந்த கால் சற்றே வீங்கியிருக்கும், நடைப் பயணத்திலும் அவ்வாறே வீங்கும். நிமிர்ந்து நின்றபடி அளவு பார்த்து, நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடுக. ஹவாய் செருப்பு குளியலறைக்கு ஏற்றது, நெடுவழிக்கு உதவாது. அது நழுவாதிருக்க விரல்கள் ஓயாமல் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால் கெண்டைக்கால் வரை நோவெடுக்கும். பின்வார் உள்ள செருப்பே தக்கது. ஷூ அணிவோர் காலுறையை இரண்டு மூன்று சோடி எடுத்துச் சென்று, நனைந்தவுடன் மாற்ற வேண்டும். ஈரமும் உராய்வும் சேர்ந்தே கொப்புளத்தை உண்டாக்குகின்றன. கொப்புளத்தின் தோலை உரித்தெடுப்பது கூடவே கூடாது.

சர்க்கரை நோயாளர் எம்.சி.ஆர். செருப்பை அணிய வேண்டும். அதன் வரலாறு நம் தமிழ்நாட்டோடு பிணைந்தது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணிபுரிய வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்றே அந்நாளில் உலகம் நம்பியது. வலி உணர்வு அற்றுப்போவதால், தெரியாமல் பட்ட காயங்களே அவ்வுறுப்புகளை அழிக்கின்றன என்று அவர் கண்டறிந்தார். அத்தகைய பாதங்களுக்கு ஏற்ற காலணியைத் தேடிய அவரும் உடன் உழைத்தோரும் நுண்ணறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பரைத் தேர்ந்தனர். எம்.சி.ஆர். என வழங்குவது இதுவே. இன்று சர்க்கரை நோயாளருக்கும் மருத்துவர்கள் பரிந்துரைப்பது அதனையே. மேலே மெத்தென்ற ரப்பர், கீழே முள் ஏறாத கடின ரப்பர், அகன்ற வார், பின்வார் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆணி அடித்த செருப்பு ஆகவே ஆகாது. தைத்தும் ஒட்டியும் செய்ததே வேண்டும். அணியுமுன் ஒவ்வொரு முறையும் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். இரவில் தங்குமிடத்தில் அன்புள்ளம் கொண்டோர் கால் கழுவ வெந்நீர் தருவர். உணர்வற்ற கால் சூட்டை அறியாது. முழங்கையால் தொட்டுப் பார்த்த பின்னரே நீரில் கால் வைக்கலாம். மாத்திரையோ ஊசியோ போடுவோர் நடையினால் சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும் என்பதால், சட்டைப் பையில் மிட்டாயோ வெல்லமோ வைத்திருக்க வேண்டும்.

பையைப் பற்றி மிகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு உடுப்பு, துண்டு, போர்வை, தண்ணீர், மருந்து, டார்ச் விளக்கு போதும். தோள் இரண்டிலும் மாட்டும் பை நன்று. ஒரு தோளில் தொங்கும் பை முதுகைச் சாய்த்துவிடும். ஒன்றை மட்டும் வற்புறுத்துகிறோம்: காவி நிறம் இரவில் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. ஒளியை எதிரொளிக்கும் பட்டையை முதுகிலும் பையிலும் ஒட்டிக்கொண்டு, எதிரே வரும் வண்டிகளைக் காணுமாறு சாலையின் வலப்புறமாக, ஒருவர் பின் ஒருவராகச் செல்லுங்கள்.

'வெறுங்காலோடு வருவதாகப் பொருத்தனை செய்துவிட்டேனே' என்று கலங்குவோர்க்கு ஒரு சொல். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, எண்கள் 1196, 1197 ஆகியவற்றின்படி, நியாயமான காரணம் இருந்து பிறர் உரிமைக்குக் கேடு நேராதபோது, தனிப்பட்ட பொருத்தனையிலிருந்து தம் மக்களை விடுவிக்கவும், அதனை எளியதொன்றாக மாற்றிக் கொடுக்கவும் பங்குக்குருவுக்கு அதிகாரம் உண்டு. நோயுற்ற பாதம் நியாயமான காரணமே. கூச்சப்படாமல் உங்கள் பங்குக்குருவிடம் கேளுங்கள். குருக்களும், அன்று நாம் கேட்கத் தவறியதைத் தாமாகவே கேட்பார்களாக.

நமது பங்கில் பெயர் கொடுக்க வருவோர் இவ்வாண்டு தாம் அணியப்போகும் செருப்பையும் உடன் கொண்டுவர வேண்டும் என்று அறிவித்துள்ளோம். அந்த முதிய தாய், அன்று காலைத் திருப்பலி முடிந்ததும் கோயில் வாசலில் அமர்ந்து ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.