மருத்துவமனைக் குழுவில் மக்களுக்கு இடம்: பயன்படுத்துமா பாம்பூஃப்ளாட்?

புது தில்லி: அரசு மருத்துவமனையில் மருந்து இல்லையென்றால், மாநிலங்களில் அக்கேள்வியைச் சட்டப்பேரவை உறுப்பினர் எழுப்புவார். அந்தமான் - நிகோபார் தீவுகளுக்குச் சட்டப்பேரவை கிடையாது. மக்களவையில் ஓர் உறுப்பினர் மட்டுமே. நிர்வாகமோ துணைநிலை ஆளுநர் வழியாக மத்திய உள்துறை அமைச்சகத்தின் பொறுப்பில் உள்ளது. இந்நிலையில் மக்கள் நேரடியாகக் கேள்வி கேட்க எஞ்சியிருப்பவை உள்ளாட்சி அமைப்புகளும், அதிகம் பேசப்படாத நோயாளிகள் நலச் சங்கங்களும்தான்.

தெற்கு அந்தமானின் பாம்பூஃப்ளாட்டில் இது உயிர்ப் பிரச்னை. ஸ்ரீ விஜயபுரம் (2024 வரை போர்ட் பிளேர்) துறைமுகத்தின் எதிர்க்கரையில் உள்ள ஊர் இது. இங்குள்ள சமுதாய சுகாதார நிலையத்தில் சிகிச்சை அளிக்க இயலாத நோயாளிகள், கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனைக்கு அனுப்பப்பட வேண்டும். சாத்தம் துறைக்குப் படகில் சென்றால் குறுகிய பயணம். ஃபெரார்கஞ்ச் வழியே சாலையில் சென்றால் 40 கி.மீ.க்கும் மேல். படகு ஓடாத நேரத்தில், உள்ளூர் நிலையத்தில் மருந்தும் ஆம்புலன்ஸும் ஆயத்தமாக இருக்கின்றனவா என்பதே நோயாளியின் கதியைத் தீர்மானிக்கும்.

இந்தூரில் தொடக்கம்

சுகாதாரத்தில் மக்கள் பங்கேற்பு புதிய சிந்தனை அல்ல. கிராமந்தோறும் தன்னார்வலர்களைக் கொண்ட சுகாதாரக் குழு வேண்டும் என்று 1946-லேயே போர் குழு பரிந்துரைத்தது. நோயாளிகள் நலச் சங்கத்தின் முன்மாதிரி 1990-களின் நடுவில் மத்தியப் பிரதேச மாநிலம் இந்தூரின் மகாராஜா யஷ்வந்த்ராவ் மருத்துவமனையில் உருவானது. மருத்துவமனை திரட்டும் பணம் அரசுக் கருவூலத்துக்குச் செல்லாமல் அங்கேயே செலவிடப்பட்டது.

பிரதமர் மன்மோகன் சிங் 2005 ஏப்ரல் 12-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தைத் தொடங்கியபோது, இம்முறை நாடு முழுமைக்கும் விரிந்தது. அப்போது சுகாதாரத் துறை தமிழகத்தைச் சேர்ந்த அன்புமணி ராமதாஸ் வசம் இருந்தது. மருத்துவமனைதோறும் பதிவு பெற்ற சங்கம்; அதில் அதிகாரிகளுடன் ஊராட்சிப் பிரதிநிதிகள், தொண்டு நிறுவனத்தினர், உள்ளூர்ப் பிரமுகர்கள் என விதி வகுக்கப்பட்டது. சமுதாய சுகாதார நிலையச் சங்கத்துக்கு ஆண்டுக்கு ரூ. 1 லட்சமும், கிராமக் குழுவுக்கு ரூ. 10 ஆயிரமும் ஒதுக்கப்பட்டன.

தொகை சிறிது, ஆனால் மேலிடத்து ஒப்புதலுக்குக் காத்திராமல் செலவிடலாம் என்பதே அதன் சிறப்பு. பழுதான குடிநீர்க் குழாய், உடைந்த கட்டில், தீர்ந்துபோன அவசர மருந்து ஆகியவற்றுக்குக் கோப்பு தலைநகர்வரை சென்று திரும்ப வேண்டியதில்லை.

எல்லைகளும் உண்டு

மருத்துவரை நியமிக்கவோ இடமாற்றம் செய்யவோ சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. காலிப் பணியிடத்தை அதனால் நிரப்ப முடியாது. ஆனால் காலியிடம் எத்தனை நாள்களாக நீடிக்கிறது என்பதைத் தீர்மானமாகப் பதிவு செய்து நிர்வாகத்துக்கு அனுப்ப முடியும். மருந்து இருப்பைச் சரிபார்ப்பதும் கணக்கைப் பார்வையிடுவதும் ஊதியம் பெறாத உறுப்பினரின் பணியே. அதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. கூட்டத்துக்குத் தவறாமல் வந்து, நோயாளியின் இடத்திலிருந்து கேட்கும் துணிவு வேண்டும்.

குறை நடைமுறையில் இருக்கிறது. பல மாநிலங்களில் கிராமக் குழுக்களே அமைக்கப்படவில்லை என்று இந்த இயக்கம் குறித்த மத்திய தணிக்கைத் துறையின் 2009-10 அறிக்கை சுட்டிக்காட்டியது. அதிகாரிகள் தயாரித்த தீர்மானத்தில் கையெழுத்திடுவதுடன் உறுப்பினரின் கடமை முடிந்தால், சங்கம் இருந்தும் பயனில்லை.

மாறாக, 2007-ல் தமிழகம் உள்ளிட்ட 9 மாநிலங்களில் சோதனை முறையில் மக்கள் கண்காணிப்பு தொடங்கப்பட்டது. சுகாதார நிலையங்களுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனக் கிராம மக்களே மதிப்பெண் வழங்கினர். மகாராஷ்டிரத்தில் பொது விசாரணைக் கூட்டங்களில் அதிகாரிகள் மக்களுக்கு நேரில் பதிலளித்தனர். அந்தப் பட்டியலில் அந்தமான் இடம்பெறவில்லை.

ஆரம்ப, துணை சுகாதார நிலைய அளவில் மக்கள் குழுக்களை அமைக்க 2020-ல் மத்திய அரசு புதிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தில்லி ஆணையிடலாம், நாற்காலியையும் ஒதுக்கலாம். அதில் அமரப்போவது யார், கூட்டம் எப்போது நடந்தது, பணம் எதற்குச் செலவானது என்று கேட்க வேண்டியவர்கள் பாம்பூஃப்ளாட் மக்களே. பேரவை இல்லாத ஊரில் அந்த நாற்காலி காலியாகக் கிடப்பது, இருக்கும் உரிமையையும் கைவிடுவதாகும்.