பந்து வாங்குமுன் காணிக் கடிதம்

கொலன்னாவையிலும் அதை அண்டிய இடங்களிலும் தங்கியிருக்கும் எமது குடும்பங்களில் சிலர் அண்மையில் ஒரு கேள்வியோடு எம்மிடம் வந்தார்கள். வயலும் தோட்டமுமாக ஓடித் திரிந்து வளர்ந்த பிள்ளைகள் இப்போது வாடகை அறைக்குள் முடங்கிக் கிடக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கரப்பந்தாட்டத் திடல் அமைக்க யாரிடம் பணம் கேட்கலாம்? நல்ல கேள்விதான். ஆனால் பணம் தருபவர் எவரும் முதலில் திருப்பிக் கேட்பது வேறொன்று: அந்தத் திடல் அமையப்போகும் நிலம் யாருடையது?

இதை நாம் பட்டுத்தான் அறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உதவி நிறுவனத்துக்கு விண்ணப்பம் எழுதினோம். இடம்பெயர்ந்த பிள்ளைகளின் துயரத்தை உருக்கமாக எட்டுப் பக்கத்தில் விபரித்தோம். காணியைப் பற்றி எழுதியது ஒரே ஒரு வரி: "ஊர்ப் பொது வெளி". விண்ணப்பம் திரும்பி வந்தது. உண்மையில் அந்த வெளி யாருடைய பெயரில் இருக்கிறது என்று எமக்கே தெரியாது. காணி உறுதியின் பெறுமதியை விவசாயிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் விளையாட்டு என்றவுடன் அதை மறந்துவிட்டோம்.

கொலன்னாவையில் இது இன்னும் சிக்கலானது. களனி கங்கையை அண்டிய தாழ்நிலம் இது. வெறுமையாகக் கிடக்கும் நிலம் பெரும்பாலும் சதுப்பு நிலமாகவோ, மழைநீர் தங்குவதற்கென விடப்பட்ட இடமாகவோ இருக்கும். 2016 மே மாதம் கங்கை பெருகியபோது இப்பகுதி நாட்கணக்காக வெள்ளத்தில் கிடந்தது. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு தினத்தில், மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து 30 பேருக்கு மேல் உயிரிழந்தனர். ஆகவே வெளியாகத் தெரியும் நிலமெல்லாம் விளையாட்டுக்கு உகந்ததல்ல. நகர சபையின் காணியா, அரச காணியா, தனியாருடையதா என்பதை முதலில் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டறியுங்கள். பின்னர் உரிமையாளரிடம், எத்தனை ஆண்டுகளுக்குப் பாவிக்கலாம் என்பதை எழுத்தில் பெறுங்கள். வாய்ப் பேச்சுக்கு எந்த நிதியும் கிடைக்காது.

எமது மக்கள் தேவைக்கு மேல் பெரிய இடம் தேடி ஏமாறுவதும் உண்டு. முழு அளவிலான உதைபந்தாட்ட மைதானத்துக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் வேண்டும். கரப்பந்தாட்டத் திடல் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம். நாற்புறமும் 3 மீற்றர் இடைவெளி விட்டாலும் சுமார் 14 பேர்ச், அதாவது ஒன்றரைப் பரப்புக்கும் குறைவு. 1991 முதல் இலங்கையின் தேசிய விளையாட்டும் அதுவே. பெண் பிள்ளைகளின் வலைப்பந்தாட்டத்துக்குச் சுமார் மூன்று பரப்பு போதும். அதே தரையில் வேறு நிறக் கோடு போட்டுக் கரப்பந்தும் ஆடலாம். எம்மைக் கேட்டால் இந்த மூன்று பரப்புக்கே முயலுங்கள் என்போம். பையன்களுக்கு மட்டும் என்று எழுதப்படும் விண்ணப்பத்தை இப்போது நிதி தருவோர் விரும்புவதில்லை, நாமும் விரும்பவில்லை.

அடுத்தது கழகம். பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். யாப்பு, நிர்வாக சபைத் தெரிவு, கூட்ட அறிக்கை, அங்கத்தவர் பட்டியல் என்பவற்றோடு அவரூடாகக் கழகத்தைப் பதிவு செய்யலாம். வங்கிக் கணக்கைத் தனி ஒருவர் பெயரில் திறக்காதீர்கள். கழகத்தின் பெயரில், இருவர் சேர்ந்து கையொப்பமிட்டாலே பணம் எடுக்கக்கூடியதாகத் திறவுங்கள். மாதம் 50 ரூபா சந்தாவானாலும் பற்றுச்சீட்டு எழுதுங்கள். அந்தச் சிறு கணக்குப் புத்தகம்தான் பின்னர் உங்களுக்காகப் பேசும். காலி மாவட்டத்துச் சீனிகமையில் 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் இங்கிலாந்தின் மெரில்போன் கிரிக்கெட் கழகத்தின் உதவியோடு ஒரு நிலையம் எழுந்தது. அங்கே பவுண்டேசன் ஒஃப் குட்னஸ் என்ற அமைப்பு 1999 முதலே இயங்கி வந்தது. உதவி வந்தபோது அதைப் பொறுப்பேற்கக் கணக்கும் பெயரும் உள்ள ஓர் அமைப்பு ஏற்கெனவே இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

யாரிடம் கேட்பது? சிறு தொகைக்கு நகர சபையையும் மாகாண விளையாட்டுத் திணைக்களத்தையும் அணுகலாம். கழகத்தில் இளைஞர்கள் அதிகமென்றால் தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் கீழ் இளைஞர் கழகமாகவும் பதியலாம். தூதரகங்களும் சிறு உதவித் திட்டங்களை நடத்துகின்றன. ஜப்பானின் அடிமட்ட மானியத் திட்டம் 1989 இல் தொடங்கியது. அது தனியாட்களுக்குக் கொடுப்பதில்லை. சம்பளம், அன்றாடச் செலவு என்பவற்றையும் ஏற்பதில்லை. ஆகவே பதிவுள்ள அமைப்பொன்றோடு அல்லது உள்ளூராட்சி சபையோடு சேர்ந்தே கேட்க வேண்டும். உதைபந்தாட்டக் கழகங்களுக்கு ஒரு வார்த்தை: 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தி வைத்திருந்தது. மேலிடத்துப் பிணக்கில் கீழுள்ளவன் காய்வான். ஒரே வாசலில் மட்டும் நிற்காதீர்கள்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள ஊர்ச் சங்கங்களின் பணம் விரைவில் வரும், கேள்வியும் குறைவு. அதனாலேயே பின்னர் சண்டையும் வரும். அதற்கும் அதே கணக்கு, அதே பற்றுச்சீட்டு.

வரவு செலவு எழுதும்போது கம்பம், வலை, பந்து என்று மட்டும் எழுதிவிடுகிறோம். நிலம் நிரவுதல், வடிகால், மின்விளக்கு, வலை கிழிந்தால் மாற்றுதல் எல்லாம் விடுபட்டுப் போகின்றன. கொலன்னாவையில் வடிகால் இல்லாத திடல் ஒரு மாரியோடு குளமாகிவிடும். ஒவ்வொரு பெரிய பொருளுக்கும் மூன்று கடைகளில் விலை எழுதி வாங்குங்கள். மண் நிரவும் வேலைக்கு எமது ஆட்களின் உழைப்பை ஒரு நாள் கூலிக் கணக்கில் போட்டு, அதை எமது பங்களிப்பாகக் காட்டுங்கள். மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த கை எம்மிடம் நிறையவே உண்டு.

வன்னியிலுள்ள சொந்த ஊருக்குத் திரும்பி அங்கே திடல் கேட்பவர்கள், அந்த நிலத்தில் கண்ணிவெடி அகற்றப்பட்டதற்கான சான்றை மாவட்டச் செயலகத்தினூடாகக் கேட்டுப் பெறுங்கள். அது கையில் கிடைக்கும்வரை பிள்ளைகளை அந்த வெளியில் இறக்க வேண்டாம். நிதி தாமதமானாலும் பரவாயில்லை.

மொழியைப் பற்றிப் பலர் தயங்குகிறார்கள். கொலன்னாவைப் பிரதேச செயலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பின் 4 ஆம் அத்தியாயம் உரிமை தருகிறது. ஆயினும் ஒரு சிங்கள மொழிபெயர்ப்பையும் இணைத்தால் கடிதம் மேசையில் கிடக்காது. பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளை உதவுவான். அவனையும் கழகத்தில் சேருங்கள், அவனுக்கும் விளையாட இடமில்லை. கொடுக்கும் கடிதத்துக்கு ஒரு பிரதி வைத்து, அதில் திகதியும் முத்திரையும் இட்டுத் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.