நத்தை வேக இணையத்தில் லினக்ஸ்!

கம்ப்யூட்டர் இயங்க ஓர் அடிப்படை மென்பொருள் வேண்டும். அதில் ஒரு வகைதான் "லினக்ஸ்". 1991-ம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் இதைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21.

லினக்சைக் காசு இல்லாமல் எடுத்துக் கொள்ளலாம். மற்றவருக்கும் கொடுக்கலாம். ஆனால் ஒரு சங்கடம். அதற்கு வேண்டிய மென்பொருள்கள் எல்லாம் இணையத்தில் இருக்கின்றன. இணையம் நத்தை போல ஊர்ந்தால் என்ன செய்வது?

28 மணி நேரம்!

பழைய டெலிபோன் வழி இணையத்தின் உச்ச வேகம், வினாடிக்கு 7 கிலோபைட். ஒரு சி.டி. கொள்ளும் அளவு 700 மெகாபைட். அதை இறக்கி முடிக்க ஏறக்குறைய 28 மணி நேரம் ஆகும்!

இதனால், 2004-ல் வெளிவந்த "உபுண்டு" என்ற லினக்சை, கேட்டவர்களுக்கு எல்லாம் சி.டி.யில் பதிந்து தபாலில் அனுப்பினார்கள். விலையும் இல்லை, தபால் செலவும் இல்லை! 2011-ல் இந்த ஏற்பாடு நின்றது.

மளிகைச் சீட்டு

இப்போது வேறு வழி இருக்கிறது. உபுண்டு, டெபியன் வைத்திருப்பவர்களுக்கு "ஆப்ட்-ஆப்லைன்" என்ற மென்பொருள் கை கொடுக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரிலும் வெளிக் கம்ப்யூட்டரிலும் இது இருக்க வேண்டும்.

முதலில், வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என்னென்ன வேண்டும் என்று இது ஒரு சீட்டு எழுதித் தரும். ஒரு மென்பொருளுக்குத் துணையாக வேறு நான்கு தேவைப்படலாம். அவற்றையும் சேர்த்து எழுதிவிடும்.

சீட்டைப் பென் டிரைவில் போட்டு, வேகமான இணையம் உள்ள இடத்துக்குக் கொண்டு போங்கள். சீட்டில் உள்ளதை எல்லாம் இறக்கி, ஒரே மூட்டையாகக் கட்டித் தரும். வீட்டில் மூட்டையைப் பிரித்து, வழக்கம்போல் நிறுவ வேண்டியதுதான். இணையமே தேவை இல்லை!

வீட்டுக் கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருள் பட்டியல் பழையதா? அப்படியானால் இரண்டு நடை ஆகும். முதல் நடை புதுப் பட்டியலுக்கு. இரண்டாவது நடை மென்பொருளுக்கு.

பாதியில் நின்றால்?

வீட்டு இணையத்திலேயே இறக்குகிறீர்களா? பாதியில் தொடர்பு அறுந்தால் பயப்பட வேண்டாம். அதே கட்டளையை மறுபடி கொடுங்கள். பெரும்பாலும் விட்ட இடத்தில் இருந்தே தொடரும்.

ஒன்று மட்டும் முக்கியம். இணையம் மெதுவாக இருக்கிறது என்று பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவாமல் இருந்துவிடாதீர்கள். திருடன் நுழையும் ஓட்டைகளை அடைப்பவை அவைதான். புது விளையாட்டு அடுத்த வாரம் வரட்டும். பென் டிரைவில் முதல் இடம் திருத்தங்களுக்கு!